மூன்று சிட்காம், ஒரு அத்தை

அத்தை வீடு சேலம் சிவதாபுரத்தில். முன்னறையில் கொலுசுக்கு வளையம் கோக்கிற வேலை எப்போதும் நடக்கும். கண் வெள்ளியில் இருக்கும், காது டிவியில் இருக்கும். சீரியல் பார்க்கிற வீடுதான். போன மழைக்காலத்தில் அத்தை மகனை அவன் பெங்களூரு கம்பெனி வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டது. லேப்டாப்போடு வந்து உட்கார்ந்தான். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ரிமோட் அவன் கைக்குப் போனது.

அமெரிக்க சிட்காம்களை, அதாவது சிரிப்புத் தொடர்களை வைத்து எனக்கும் அவனுக்கும் பழைய தகராறு ஒன்று உண்டு. அவன் 'ஃப்ரெண்ட்ஸ்' கட்சி, நான் 'சைன்ஃபெல்ட்' கட்சி. ஆட்கள் வளர வேண்டும், அப்போதுதான் பத்து வருஷம் கூடவே போக முடியும் என்பது அவன் வாதம். வளர்ந்துவிட்டால் அப்புறம் எதற்குச் சிரிப்பது என்பது என் கேள்வி. இரண்டையும் அத்தைக்குப் போட்டுக் காட்டினோம். அத்தைக்கு ஆங்கிலம் கொஞ்சம் பிடிபடும், வேகமாகப் பேசினால் நழுவிவிடும். அதனால் யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டே வர வேண்டும். வாரக்கணக்கில் அப்படிச் சொன்னதில் ஒன்று தெரிந்தது: வாயில் பிறக்கிற ஜோக், தமிழில் சொல்லி முடிப்பதற்குள் செத்துவிடுகிறது. ஆளின் குணத்தில் பிறக்கிற ஜோக் பிழைத்துக்கொள்கிறது.

முதல் பலி சாண்ட்லர். ஃப்ரெண்ட்ஸ் பார்த்தவர்கள் பாதிப் பேருக்குச் செல்லப்பிள்ளை அவன்தான். ஆனால் அழுத்த வேண்டாத சொல்லை அழுத்திப் பேசும் அந்தக் குத்தலைத் தமிழில் எப்படிச் சொல்வது? பார்வையாளர்களை உட்காரவைத்து எடுத்த தொடர் என்பதால் சிரிப்புச் சத்தம் முதலில் வந்துவிடும். அத்தையும் கூடவே சிரித்துவிட்டு, "என்ன சொன்னான் கண்ணு?" என்று கேட்பார். நாங்கள் சொன்னதும் முகம் மாறும். "இதுக்கா?"

ரேச்சல் அப்படி இல்லை. கல்யாணக் கோலத்தில் ஓடிவந்து காபிக்கடையில் நுழைந்த பணக்காரப் பெண். அதே கடையில் பரிமாறும் வேலை. நாலாவது எபிசோடில் முதல் சம்பளக் காசோலையைப் பார்த்துவிட்டு, பிடித்தம் போட்டிருக்கிற 'ஃபைகா' என்கிற ஆள் யார், என் பணத்தை அவன் ஏன் எடுத்துக்கொள்கிறான் என்று திகைப்பாள். அத்தை மகன் அதை "பிஎஃப்" என்று ஒரே சொல்லில் சொன்னான். வளையம் கோக்கிற இரண்டு பெண்களும் சேர்ந்து சிரித்தார்கள். அந்தப் பெண்தான் பிறகு ப்ளூமிங்டேல்ஸ் கடைக்கும் ரால்ஃப் லாரன் துணிக் கம்பெனிக்கும் வேலைக்குப் போகிறாள். 1994இல் தொடங்கி 2004இல் முடிந்த 236 எபிசோடுகளில் உருப்படியாக வளர்ந்தவர் யார் என்று கேட்டால் நான் ரேச்சலைத்தான் சொல்வேன். எதிர்க்கட்சிக்காரன் நானே ஒப்புக்கொள்கிறேன்.

அந்தத் தொடரின் உச்சம், நாலாம் பாகத்தில் வரும் வினாடி வினா. பெண்கள் ஒரு பக்கம், சாண்ட்லரும் ஜோயியும் மறுபக்கம், கேள்வி கேட்பது ராஸ். யாருக்கு யாரைப் பற்றி அதிகம் தெரியும் என்று சும்மா ஆரம்பித்த விளையாட்டு. மோனிகாவுக்குத் தோற்பது பிடிக்காது, அதனாலேயே பந்தயம் ஏறிக்கொண்டே போய் கடைசியில் வீட்டையே வைத்துவிடுகிறாள். வீடு போவதா நிற்பதா என்று முடிவாகிற நேரத்தில் வந்து விழுகிற கேள்வி: சாண்ட்லர் என்ன வேலை பார்க்கிறான்? இத்தனை வருஷம் எதிர்வீட்டில் இருக்கிறான், இரண்டு பேருக்கும் தெரியவில்லை. ரேச்சல் 'டிரான்ஸ்பான்ஸ்டர்' என்று இல்லாத ஒரு வார்த்தையைச் சொல்லி வீட்டைத் தொலைக்கிறாள். இதில் வார்த்தை ஜோக் என்று பார்த்தால் அது ஒன்றுதான், மற்றதெல்லாம் குணம். அத்தை விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு மகனைப் பார்த்தார். "நீ என்ன வேலை பாக்குறன்னு யாராவது கேட்டா எனக்கும் தெரியாது சாமி. கம்ப்யூட்டர்லன்னு சொல்லிருவேன்."

சரி, வளர்ச்சிக்கு ஒரு விலையும் உண்டு. சாண்ட்லருக்கு ஒன்பது வயதில், நன்றி நவிலல் நாள் விருந்தில் வைத்துப் பெற்றோர் விவாகரத்தைச் சொன்னார்கள். அவன் குத்தலெல்லாம் அங்கே போட்ட கவசம். மோனிகாவைக் கட்டிக்கொண்டு நிம்மதியான பிறகு கவசத்துக்கு வேலையில்லை. ஜோக் அடிக்கிறான், பழக்கத்துக்கு அடிக்கிறான். ஜோயி கதை இதைவிட மோசம். ஆரம்பத்தில் கொஞ்சம் விவரமில்லாதவன், ஆனால் தெருப் புத்தி உள்ளவன். மற்றவர்கள் வளர வளர, சிரிப்புக்கு யாராவது வேண்டும் என்று அவனைக் குழந்தையாக்கிவிட்டார்கள். வீட்டில் நாலு பேர் மேலே போக ஒருவன் ஊரிலேயே நிற்பது போல. 'தி பிக் பேங் தியரி' என்கிற இன்னொரு சிட்காமிலும் இதே கதைதான். அதில் ராஜ் குடிக்காமல் பெண்களோடு பேசவே மாட்டான். ஆறாம் பாகத்தின் முடிவில் அந்தப் பூட்டைத் திறந்தார்கள், உள்ளே வேறு ஆள் யாரும் இல்லை.

இப்போது என் கட்சிக்கு வருகிறேன். சைன்ஃபெல்ட் 1989 முதல் 1998 வரை, 180 எபிசோடு. கட்டிப்பிடிப்பதும் இல்லை, பாடம் கற்பதும் இல்லை என்பது, தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான லாரி டேவிட் வைத்த விதி. 1991இல் வந்த சீன உணவக எபிசோடை முதலில் போட்டோம். ஜெர்ரி, ஜார்ஜ், எலேன் மூன்று பேரும் மேஜைக்காக நிற்கிறார்கள். அஞ்சு பத்து நிமிஷம், அஞ்சு பத்து நிமிஷம் என்று கடைக்காரர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். கதை அவ்வளவுதான். பசி தாங்காத எலேன், 50 டாலர் பந்தயத்துக்காக முன்பின் தெரியாதவர்கள் மேஜையிலிருந்து ஒரு எக் ரோலை எடுத்துத் தின்னப் போகிறாள். பொறுக்க முடியாமல் மூன்று பேரும் வெளியே போன மறுநொடி அவர்கள் பெயரைக் கூப்பிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சேலத்து பிரியாணிக் கடை வாசலில், சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் நாற்காலியைப் பிடித்தபடி நின்றவர்களுக்கு இதற்குத் தமிழே தேவையில்லை. நானும் சொல்லவில்லை.

எனக்குக் கிடைத்த வெற்றி அன்று ஒரு நாள்தான். ஏழாம் பாகத்தின் முடிவில், ஜார்ஜ் காசைப் பார்த்து வாங்கிய மலிவான கல்யாணப் பத்திரிகை உறைகளை நக்கி நக்கி ஒட்டியதில், கட்டிக்கொள்ளப் போகிற சூசன் செத்துப்போகிறாள். ஆஸ்பத்திரியில் சேதி கேட்டுவிட்டு ஜார்ஜும் அவன் கூட்டாளிகள் மூன்று பேரும் காபி குடிக்கப் போகிறார்கள். இந்தத் துணிச்சல் வேறு எந்த சிட்காமிலும் இல்லை என்று நான் சொல்லிக்கொண்டிருக்க, அத்தை கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்துவிட்டார். "இதுங்க திருந்தவே திருந்தாதுங்களா?"

திருந்தாது. கடைசி எபிசோடில் ஜெயிலுக்குள் உட்கார்ந்துகொண்டு, முதல் எபிசோடில் பேசிய அதே சட்டைப் பொத்தான் பேச்சைத் திரும்பப் பேசுவார்கள். எனக்கு அதைவிடச் சரியான முடிவு தெரியாது. ஆனால் அத்தைக்கு அதைப் போட்டுக் காட்டவில்லை. மாறாத ஆட்களைப் பார்த்துச் சிரிப்பது நமக்குப் புதிதில்லை. சன் டிவியில் 'சின்ன பாப்பா பெரிய பாப்பா' ஓடிய காலத்தில் பட்டாபி திருந்த வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை, எம்.எஸ். பாஸ்கர் வந்து நின்றால் போதும். அத்தை பட்டாபியை மன்னிப்பார், ஜார்ஜை மன்னிக்க மாட்டார். பட்டாபியால் யாரும் சாகவில்லையே.

இரண்டு கட்சியும் தோற்ற இடத்தில் ஜெயித்தது, நாங்கள் சும்மா போட்டுப் பார்த்த 'தி ஆபீஸ்'. பிரிட்டிஷ் மூலம் இல்லை, 2005இல் தொடங்கிய அமெரிக்கப் பதிப்பு. பின்னணிச் சிரிப்பு கிடையாது, கேமராவை ஒருவர் திரும்பிப் பார்க்கிற பார்வைதான் ஜோக். குனிந்து வேலை செய்கிறவர்களுக்கு இது கஷ்டம். "நிமிர்ந்து பாரு, நிமிர்ந்து பாரு" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. முதல் பாகம் ஆறே எபிசோடு, அதில் மேனேஜர் மைக்கேல் ஸ்காட் வெறும் எரிச்சல். தாராளமாகத் தாண்டிவிடலாம். இரண்டாம் பாகத்திலிருந்து அந்த ஆளைக் கொஞ்சம் கொஞ்சமாக இளக்குகிறார்கள்.

ஃப்ரெண்ட்ஸில் ஆட்கள் மாறுவது ஏற்காடு மலைப்பாதை மாதிரி. இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் பலகை உண்டு: இது கல்யாணம், இது குழந்தை. ஆபீஸில் பலகை இல்லை. காது அடைக்கும்போதுதான் மேலே வந்துவிட்டது தெரியும்.

அப்படிக் காது அடைத்த இடம் மூன்றாம் பாகத்தில். வரவேற்பில் உட்காரும் பேம் தன் ஓவியங்களைக் கண்காட்சியில் வைக்கிறாள். ஆபீஸ்காரர்களில் நம்பி எதிர்பார்த்தவர்கள் வரவில்லை, வந்தவர்கள் சொன்னதும் நல்லதில்லை. அவள் படங்களைக் கழற்றத் தொடங்குகிற நேரத்தில் மைக்கேல் தாமதமாக வருகிறான். இதே ஆபீஸ் கட்டடத்தை அவள் வரைந்த படத்தைப் பார்த்துவிட்டு, விலை என்ன என்று கேட்கிறான். உன்னை நினைத்தால் பெருமையாக இருக்கிறது என்கிறான். அவள் கட்டிப்பிடித்துக் கண் கலங்கும்போது அவன் பாக்கெட்டில் ஏதோ குத்துகிறது. சாக்லேட். லாரி டேவிட் தடை போட்ட கட்டிப்பிடிப்பும் இருக்கிறது, சிரிப்பும் இருக்கிறது. ஏனென்றால் அந்த ஆள் மாறவில்லை, அதே அசடுதான். அவனுக்குள் இருந்த இன்னொன்றை நமக்கு இப்போதுதான் காட்டுகிறார்கள். அத்தை சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். அன்று யாரும் தமிழில் எதுவும் சொல்லவில்லை.

புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவருக்கு என் வரிசை: தனியாகப் பார்ப்பவர் சைன்ஃபெல்ட், சமைத்துக்கொண்டோ துணி மடித்துக்கொண்டோ பார்ப்பவர் ஃப்ரெண்ட்ஸ், வீட்டில் பெரியவர்களோடு என்றால் ஆபீஸ் இரண்டாம் பாகத்திலிருந்து. சில ஜோக்குகளுக்குத் தமிழ் சொல்லும்போது வேறு எதையாவது சொல்லிச் சமாளிக்க வேண்டியிருக்கும், நாங்கள் சமாளித்தோம்.

அத்தை இப்போது ஏழாம் பாகத்தில் இருக்கிறார். வேலைக்கு வருகிற பெண்களிடம் "எங்க மேனேஜரு" என்றுதான் சொல்கிறார். அந்தப் பாகம் முடிவதற்குள் மைக்கேல் ஊரைவிட்டுப் போகப்போகிறான் என்பதை நாங்கள் இரண்டு பேரும் இன்னும் சொல்லவில்லை.