தேர்வு வாரத்தில் திரைவாசிப்பான்: ஒரு தமிழிலக்கிய மாணவியின் நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

கணினித் திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துக் காட்டும் என்விடிஏ என்ற திரைவாசிப்பானை இளங்கலை முதலாண்டில் பயன்படுத்தத் தொடங்கினேன். இப்போது சென்னையில் முதுகலைத் தமிழிலக்கியம் இரண்டாமாண்டு படிக்கிறேன். பிறவியிலேயே பார்வை இல்லாத எனக்குப் பாடமும் நூலகமும் வங்கிக் கணக்கும் துறை அறிவிப்பும் இந்த மென்பொருளின் குரல் வழியாகத்தான் வந்து சேர்கின்றன. ஒரு கருவியின் நிறைகுறைகள் ஓய்வான நாளில் தெரிவதில்லை. ஆகவே அகமதிப்பீட்டுத் தேர்வுகளும் கருத்தரங்கக் கட்டுரையும் ஒப்படைப்புகளும் ஒன்றாக வந்து சேரும் வாரத்தில் அது எனக்கு எப்படி உழைக்கிறது என்பதையே இங்கு எழுதுகிறேன்.

பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய இம்மென்பொருள் இன்றும் இலவசமாகவே கிடைக்கிறது. மூலநிரலும் திறந்தே இருக்கிறது. இதே வேலையைச் செய்யும் வணிக மென்பொருள்களின் விலை ஒரு மாணவரின் கைக்கு எட்டாதது என்பதால், நான் பட்டப்படிப்பைக் கணினியில் படிக்க முடிந்ததற்கு இந்த ஒரு முடிவே முதற்காரணம் என்று நன்றியோடு சொல்வேன். இணையப் பக்கத்தில் ஹெச் விசையை அழுத்தினால் தலைப்புத் தலைப்பாகவும், டி விசையை அழுத்தினால் அட்டவணை அட்டவணையாகவும் தாவிச் செல்லலாம். கன்ட்ரோல் விசையைத் தொட்டால் குரல் நின்றுவிடும். இத்தனை ஆண்டுகளில் இந்த அடிப்படைகள் என்னைக் கைவிட்டதில்லை.

குரலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். என்விடிஏவுடன் சேர்ந்தே வரும் ஈஸ்பீக் என்ற பேச்சொலி நிரலின் தமிழ்க் குரல் இயந்திரத்தனமானது. புதிதாகக் கேட்பவர்கள் அதைத் தமிழென்றே ஏற்பதில்லை. விண்டோஸில் கிடைக்கும் வள்ளுவர் குரல் காதுக்கு இனியது. ஆனால் வேகத்தைக் கூட்டும்போது வள்ளுவரின் அசைகள் ஒன்றோடொன்று குழைந்துபோகின்றன. ஈஸ்பீக்கோ எவ்வளவு விரைந்தாலும் ஒவ்வோர் எழுத்தையும் பிரித்தே ஒலிக்கிறது. எனவே நாவல்களை வள்ளுவரிலும், தேர்வுக்கு முந்தைய இரவில் புரட்ட வேண்டிய திறனாய்வுக் கட்டுரைகளை ஈஸ்பீக்கிலும் கேட்கிறேன். தொடங்குபவர்கள் ஈஸ்பீக்கை முதல் வாரத்திலேயே வெறுத்து ஒதுக்கிவிட வேண்டாம். காது பழகியபின் மிச்சமாகும் நேரம் மிகப் பெரிது.

வாரத்தின் தொடக்கத்தில் பாடக் குறிப்புகள் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவுக்கு வருகின்றன. கரும்பலகையின் ஒளிப்படம், தோழியின் நோட்டுப் பக்கங்கள், ஜெராக்ஸ் கடையில் வருடி எடுத்த பிடிஎஃப் என எல்லாமே படங்கள்தாம். திரைவாசிப்பான் எழுத்தை வாசிக்கும், படத்தை வாசிக்காது. அச்சுப் பக்கமாக இருந்தால் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்து எழுத்தாக மாற்றிக்கொள்கிறேன். தெளிவான அச்சுக்கு அது வியக்கத்தக்க அளவில் சரியாகவே செய்கிறது. ஆயினும் துணைக்காலையும் ரகரத்தையும் மாற்றிப் போட்டுவிடும். அடிக்குறிப்பு எண்களைப் பாடலடிக்குள் செருகிவிடும். 1978-இன் எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்தைய பதிப்புகளில் வரும் பழைய ணா, றா, னை, லை வடிவங்களில் பெரிதும் தடுமாறும். தமிழிலக்கியம் படிப்பவர்களுக்கு வேண்டிய உரைநூல்களில் நல்ல பதிப்புகள் பலவும் அந்தக் காலத்தவை. கையெழுத்துக் குறிப்பை எந்தக் கருவியாலும் எனக்கு நம்பகமாக மாற்ற முடிந்ததில்லை. அதைத் தோழி குரல்பதிவாகப் படித்து அனுப்புகிறாள்.

படத்தைவிடத் துன்பம் தருவது பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு. பாமினி போன்ற எழுத்துருக்களில் ‘தமிழ்’ என்ற சொல் கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும், கணினியின் உள்ளே அது ஆங்கில விசைகளின் வரிசையாகவே இருக்கிறது. திரைவாசிப்பான் அதை ‘ஜே கே பி ஓ’ என்று சொல்லி ஓர் அரைப்புள்ளியையும் சேர்த்து வாசிக்கும். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றித் தரும் நிரல்கள் உள்ளன. ஆனால் எந்த எழுத்துரு என்று முதலில் தெரிய வேண்டும், அதைப் பார்வையுள்ள ஒருவர்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழ்நாடு அரசு 2010-இலேயே ஒருங்குறியை ஏற்றுக்கொண்டபின்னும், வினாத்தாள்களும் ஆய்வேடுகளும் பழைய எழுத்துருவில் அச்சாகிக்கொண்டிருப்பதை வருத்தத்தோடு குறிப்பிடுகிறேன். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடத்தை எங்களுக்கு ஒதுக்கித் தந்தது. வகுப்பறைக்குள் எனக்கு இடம் கிடைத்தபின்னும், மற்றவர்கள் பாடத்தைப் படிக்கும் நேரத்தில் நான் பாடத்தைப் படிக்கத்தக்கதாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். நெருக்கடியான வாரத்தில் என்னைப் பின்னுக்குத் தள்ளுவது பார்வையின்மை அன்று, இந்த நேரமே.

மதுரைத் திட்டம் 1998 முதல் இணையத்தில் சேர்த்துவரும் பழந்தமிழ் நூல்கள் இதற்கு நேர்மாறான அனுபவம். ஒருங்குறியில் இருப்பதால் இறக்கிய நொடியிலேயே படிக்கலாம், தேடலாம், மேற்கோளை வெட்டி ஒட்டலாம். சங்கப் பாடல்களில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. யாப்பின்படி சீர் பிரித்து அச்சிட்ட பாடத்தில் ஒரு சொல்லின் நடுவே இடைவெளி விழும். குரல் அந்த இடைவெளியை நம்பி, முன்பாதியை ஒரு சொல்லாகவும் பின்பாதியை வேறொரு சொல்லாகவும் ஒலிக்கும். ஆகவே பொருளுக்குச் சந்தி பிரித்த பாடத்தையும், ஓசைக்குச் சீர் பிரித்த பாடத்தையும் தனித்தனிக் கோப்பாக வைத்துக்கொள்கிறேன். இரண்டையும் மாறிமாறிக் கேட்டதால் யாப்பு எனக்கு எளிதாயிற்று என்றே நினைக்கிறேன்.

எழுதுவதற்குத் தமிழ்99 விசைப்பலகையைப் பரிந்துரைக்கிறேன். அதில் உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கையிலும் அமைகின்றன. எஃப், ஜே விசைகளில் விரலுக்குத் தட்டுப்படும் மேடுகள் முறையே புள்ளிக்கும் பகரத்துக்கும் உரியவை என்பதால் கை தடம் மாறுவதில்லை. ஆனால் குரலை மட்டுமே நம்பி எழுதினால் ரகர றகரமும், நகர னகர ணகரமும் காதில் கலந்துவிடும். எழுத்தெழுத்தாக நகர்த்திக் கேட்டாலும் ஐயம் தீராத இடங்கள் உண்டு. இந்தக் குறையைப் பிரெயில் ஒன்றே முழுமையாகத் தீர்க்கிறது, ஏனெனில் அதில் ஒவ்வோர் எழுத்துக்கும் தனிப் புள்ளியமைப்பு இருக்கிறது. துறையின் ஆய்வகத்தில் உள்ள ஆர்பிட் ரீடர் 20 என்ற, புள்ளிகள் மேலெழுந்து விரலால் படிக்கத்தக்க பிரெயில் திரையை என்விடிஏவுடன் இணைத்துக் கட்டுரையின் இறுதிப்படியைச் சரிபார்க்கிறேன். புள்ளிகள் எழும் கலங்கள் இருபதே உள்ளதால் நாற்சீர் அடி ஒன்று பெரும்பாலும் ஒரே வரியில் அடங்காது. உயிர்மெய் பலவும் இரண்டு கலம் பிடிக்கும். இருந்தும், விரலால் படித்துத் திருத்திய கட்டுரையைத் தயக்கமின்றிப் பேராசிரியரிடம் கொடுக்க முடிகிறது.

போக்குவரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மெட்ரோ நிலையங்களில் மஞ்சள் வழிகாட்டி ஓடுகளும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒலிக்கும் அறிவிப்பும் இருப்பதால் வெண்கோலோடு தனியாகவே போய்வருகிறேன். பேருந்து நிறுத்தத்தில் வரும் வண்டியின் எண்ணை இன்றும் அருகில் நிற்பவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன். தேர்வறை மாறிவிட்டால் கதவில் எழுதியிருக்கும் எண்ணைக் கைப்பேசிக் கேமராவின் துணையோடு படிக்கிறேன்.

தேர்வில் திரைவாசிப்பானுக்கு இதுவரை இடமில்லை. சொல்வதை எழுதுபவர் ஒருவர் அருகில் அமர்கிறார். 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாத கூடுதல் நேரத்தை உறுதி செய்தன. மாணவரே அழைத்து வரும் எழுதுநர் கல்வித் தகுதியில் ஒரு படி கீழே இருக்க வேண்டும் என்று அவற்றில் இருந்த விதியின் நோக்கம் எனக்குப் புரிகிறது. ஆயினும் தொல்காப்பிய நூற்பாவை அதற்கு முன் கேட்டிராத ஒருவருக்கு எழுத்தெழுத்தாகச் சொல்லும்போது கூடுதல் நேரம் அங்கேயே கரைந்துபோகிறது. மேலும், தேர்வு வாரம் இளைய வகுப்பினருக்கும் தேர்வு வாரமே. வார நடுவில் படிப்பதைவிட எழுதுபவரைத் தேடித் தொலைபேசியில் பேசுவதற்கே அதிக நேரம் செலவாகிறது. கடைசி வேளையில் வந்து உதவிய இளைய மாணவிகளுக்கு நான் மிகவும் கடமைப்பட்டவள்.

அதே வழிகாட்டு நெறிகள் கணினியில் விடையெழுதும் தெரிவையும் இயன்றவரை தர வேண்டும் என்றன. வரும் பருவத் தேர்வை அவ்வாறு எழுத விண்ணப்பித்தேன், துறையும் ஒப்புக்கொண்டிருக்கிறது. என்விடிஏவைக் கணினியில் நிறுவாமலே பென் டிரைவிலிருந்து இயக்கலாம் என்பதால், இணையம் துண்டித்த தேர்வறைக் கணினியிலும் சொற்களை எப்படி ஒலிப்பது என்று நான் பதிந்துவைத்த ஒலிப்பகராதியும் வேக அமைப்பும் மாறாமல் கிடைக்கும். இரண்டு மாதிரித் தேர்வுகளை ஆய்வகத்தில் ஆசிரியர் முன்னிலையில் எழுதிப் பார்க்கப்போகிறேன். வினாத்தாளை ஒருங்குறிக் கோப்பாகத் தர வேண்டும் என்ற கோரிக்கையை எழுத்துமூலம் கொடுத்திருக்கிறேன். தேர்வுப் பிரிவின் பதில் வர வேண்டியிருக்கிறது.