வீட்டுத் தோட்டம் போட்டுத் தருவதாகச் சொல்லி 62,000 ரூபாயைக் கொண்டுபோய்விட்டார்கள். கடற்கரைப் பக்கம் வீடு கட்டியவர்கள் தயவுசெய்து படியுங்கள்

நேற்று சாயங்காலம் அந்த ஆளுக்கு மறுபடியும் போன் செய்தேன். ரிங்கே போகவில்லை, என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். பக்கத்து வீட்டுப் பையனின் போனை வாங்கி அடித்தால் உடனே எடுத்து, "சொல்லுங்கண்ணே, கார்டன் வேலையா?" என்று அவ்வளவு உற்சாகமாகக் கேட்கிறார். என் குரல் கேட்டதும் கட். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. இன்னொரு வீட்டில் இதே ஆள் போய் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு இதையே செய்யக் கூடாது, அதற்காகத்தான் விடிந்ததும் எழுதுகிறேன். கடைசியில், நம் கடற்கரை வீடுகளுக்கு என்ன செடி வைக்கலாம், எப்படி வைக்கலாம் என்றும் சொல்கிறேன்.

எங்கள் வீடு உச்சிப்புளி பக்கம். தெற்குக் கடல் ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. வீட்டுக்காரர் கத்தாரில் ஒன்பது வருஷமாக இருக்கிறார். போன வருஷம்தான் வீடு முடிந்தது. முன்னால் நாலு சென்ட் இடம் வெறும் மணலாகக் கிடந்தது. வீடியோ காலில் வாசலைக் காட்டும்போதெல்லாம் அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான், "இங்க முழுக்க மணலாத்தான் பாக்குறேன், நம்ம வீட்டையாவது பச்சையாக் காட்டு." அதற்காகவே ஓவர்டைம் பார்த்து அனுப்பிய காசு அது. 62,000 ரூபாய்.

வீட்டு வேலைக்கு ஆள் பிடித்துத் தருகிற ஒரு செயலி போனில் இருந்தது. பெயரைச் சொல்லவில்லை. அதில் லேண்ட்ஸ்கேப்பிங் என்று தேடினேன். இந்த ஆளின் பெயருக்குப் பக்கத்தில் சரிபார்க்கப்பட்டவர் என்று பச்சை டிக், அழகழகான தோட்டப் படங்கள். அந்தப் படங்களில் ஒன்றுகூடக் கடற்கரையில் எடுத்தது இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

மறுநாளே வந்துவிட்டார். நான் ஏமாந்த இடம் இதுதான், அதனால் இதை விவரமாகவே சொல்கிறேன். அவர் நேராக விலை பேசவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் இறங்கினார், ஒரு கை அள்ளி உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார், அப்புறம் போர் தண்ணீரைப் பிடித்து வாயில் விட்டுத் துப்பினார். "அக்கா, கொஞ்சம் கரிக்குது, நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா இதுக்குன்னே மருந்து இருக்கு, போட்டா உப்பு கீழ எறங்கிரும்" என்றார். குறையைத் தானாகச் சொல்கிற ஆள் ஏமாற்ற மாட்டான் என்று நினைத்துவிட்டேன். திண்ணையில் உட்கார்ந்து என் மகளின் நோட்டில் படம் வரைந்தார். வாசலுக்கு இரண்டு பக்கமும் ராயல் பாம் நாலு, மதில் ஓரமாக அரிக்கா பாம் பன்னிரண்டு, நடைபாதை ஓரம் இட்லிப்பூ, ஜன்னலுக்கு நேராக ரோஜா இருபது, நடுவில் 600 சதுர அடிக்குக் கொரியன் புல். "மச்சான் வர்றப்ப வீடு ரிசார்ட் மாதிரி இருக்கும், நான் உங்க தம்பிக்கா" என்றார். என் கூடப்பிறந்த தம்பியும் வெளிநாட்டில்தான் இருக்கிறான். அந்த ஒரு சொல்லில் மனசு இளகிவிட்டது.

அத்தை அப்போதே சொன்னார்கள். "ஆனி மாசம் கச்சான் அடிக்கையில எவனாவது செடி வைப்பானா? ஐப்பசி மழை விழட்டும். பூவரசும் அரளியும் வச்சாப் போதும்." கச்சான் என்றால் எங்கள் பக்கம் தென்மேற்கில் இருந்து அடிக்கிற காற்று. எங்கள் கடற்கரையில் பிறந்து வளர்ந்த அவர்கள் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. அந்த ஆளோ அத்தையைப் பார்த்துச் சிரித்து, "ஆத்தா, இப்பல்லாம் டெக்னாலஜி மாறிப்போச்சு" என்றார். அன்றைக்கே 45,000 போனில் அனுப்பினேன். மீதி 17,000 வேலை முடிந்த அன்று. ஆக 62,000. ரசீது கேட்டதற்கு வெள்ளைத்தாளில் "கார்டன் வேலை முழுவதும்" என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தார்.

இரண்டே நாளில் வேலை முடிந்தது. நாலு பையன்கள், ஒரு டிராக்டர் செம்மண், மூட்டை மூட்டையாகத் தேங்காய் நார்க்கழிவு. சாயங்காலம் வீடியோ காலில் காட்டினேன், வீட்டுக்காரர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பத்தாம் நாள் ரோஜா இலையின் ஓரமெல்லாம் கருக ஆரம்பித்தது. இட்லிப்பூச் செடியில் நரம்பு மட்டும் பச்சை, மற்றதெல்லாம் மஞ்சள். போன் செய்தேன். "ஷாக்குக்கா, இடம் மாறுனா அப்படித்தான், ரெண்டு வாரம் பொறுங்க." இரண்டு வாரம் பொறுத்தேன், அரிக்கா பாம் நுனியில் இருந்து காய்ந்து வந்தது. "தண்ணி பத்தலக்கா, காலையும் மாலையும் விடுங்க." விட்டேன். அந்தக் கரிக்கிற தண்ணீரைத்தான் விட்டேன், விட விட இன்னும் வேகமாகக் கருகியது. "தண்ணி அதிகமாயிருச்சுக்கா, வேர் அழுகியிருக்கும்." ஒரே வாயால் இரண்டையும் சொல்கிறார்! அதற்குப் பிறகு மீட்டிங்கில் இருக்கிறேன், வண்டியில் இருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை நானும் மகளும் எங்கும் போகாமல் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். கடைசியாகப் பேசியபோது, "செடிங்கிறது உயிரு, உயிருக்கு யாருக்கா கேரண்டி குடுப்பா?" என்று கேட்டார். 45,000 வாங்கும்போது இந்த வார்த்தை எங்கே போயிருந்தது?

தென்னந்தோப்பு வைத்திருக்கும் எங்கள் சின்ன மாமா போன வாரம் வந்தார். ஒரு அரிக்கா பாமைப் பிடித்து இழுத்தார், கையோடு வந்துவிட்டது. கறுப்பு பிளாஸ்டிக் பையைக்கூடக் கிழிக்காமல் அப்படியே புதைத்திருக்கிறார்கள். உள்ளே வேர் பைக்குள்ளேயே வளையம் வளையமாகச் சுற்றிக் கிடக்கிறது. பன்னிரண்டில் ஒன்பது இப்படித்தான். புல்லைத் தூக்கினால் அடியில் செம்மண் ஒரு அங்குலம், அதற்குக் கீழே வீடு கட்டிய காலத்து ஜல்லியும் சிமெண்டு உடைசலும். கொரியன் புல் ஓரளவு உப்பைத் தாங்குமாம், ஆனால் வேர் இறங்க மண்ணே இல்லாமல் அது எப்படிப் பிழைக்கும் என்று மாமா கேட்டார். டேப் வைத்து அளந்தோம், 600 சதுர அடி என்று சொன்னது 410 தான் இருந்தது.

குடிதண்ணீர் பில்டருக்கு சர்வீஸ் செய்கிற பையனிடம் டிடிஎஸ் மீட்டர் (தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும்) வாங்கிப் போர் தண்ணீரை அளந்தோம். லிட்டருக்கு 3,400 மில்லிகிராம். குடிக்கிற தண்ணீருக்கு 500க்குள் இருப்பதுதான் நல்லது, வேறு வழியே இல்லை என்றால்கூட 2,000 தாண்டக் கூடாது என்பது கணக்கு. ரோஜாவும் அரிக்கா பாமும் உப்புக்கு ரொம்பப் பயந்த செடிகள். இட்லிப்பூவுக்குப் புளிப்புத் தன்மை உள்ள மண் வேண்டும், நம் மணலில் கிளிஞ்சல் சுண்ணாம்பு கலந்திருப்பதால் அந்தச் செடியால் இரும்புச் சத்தை எடுக்க முடியாமல் இலை வெளுத்துவிடும். அவர் கொட்டிய நார்க்கழிவைக் கொஞ்சம் நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து அதே மீட்டரை வைத்தால் போர் தண்ணீரையும் தாண்டுகிறது. கழுவாத நார்க்கழிவிலேயே உப்பு நிறைய இருக்குமாம். உப்பு மண்ணில் உப்பு மூட்டையைப் பிரித்துக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

அந்த மருந்து என்றாரே, 3,500 ரூபாய்க்கு? சாதாரண ஜிப்சம். மாமா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஜிப்சம் மண்ணுல ஒட்டியிருக்குற சோடியத்தைக் கழட்டிவிடும், அவ்வளவுதான். அப்புறம் நல்ல தண்ணி விட்டோ மழை பெஞ்சோ அது அடியில கழுவிப் போகணும். தண்ணியே உப்பா இருந்தா ஜிப்சம் என்ன செய்யும்?" அந்த ஆளுக்கு இது தெரியாமல் இருக்காது. தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தவர்தானே. தெரிந்தேதான் செய்திருக்கிறார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

செயலிக்காரர்களிடம் புகார் செய்தேன். நாலு நாள் கழித்து ஒரு பெண் பேசினார், நாங்கள் அறிமுகம் செய்து வைப்பதோடு சரி, பணம் எங்கள் வழியாகப் போகவில்லை, அதனால் பொறுப்பில்லை என்றார். பச்சை டிக் எதற்கு என்று கேட்டேன். அது போன் நம்பரைச் சரிபார்த்ததற்காம். ஸ்டேஷனில், இது சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்திருக்கிறேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுக்கப் போகிறேன், 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை என்கிறார்கள். போட்டோ, பணம் போன விவரம், அந்த ஒரு வரித் தாள் எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன்.

எனக்குக் காசு போனதைவிட வலிப்பது ஒன்று உண்டு. குடிக்கிற தண்ணீரைக் குடம் கணக்கில் விலைக்கு வாங்குகிற ஊர் இது. கடைசிப் பத்து நாள், எப்படியாவது பிழைக்கட்டும் என்று, அந்த விலைத் தண்ணீரில் தினம் நாலு குடம் எடுத்து ரோஜாவுக்கு ஊற்றினேன். அத்தை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், ஒரு வார்த்தை சொல்லவில்லை.

செடி விஷயம் விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது அதற்கு மனசு வரவில்லை. அவசரத்துக்கு இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். தண்ணீரையும் மண்ணையும் பரிசோதனை செய்யாமல் ஒரு செடிகூட வாங்காதீர்கள். ராமநாதபுரத்திலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது, போய்க் கேளுங்கள். கச்சான் காலத்தில் நடாதீர்கள். பூவரசு, புன்னை, புங்கம், வேம்பு, அரளி, காகிதப்பூ, நித்தியகல்யாணி, இவைதான் எங்கள் தெருவில் உப்புக்காற்றில் நிற்கின்றன. காற்று வருகிற பக்கம் முதலில் மரம், அதன் மறைவில் பூச்செடி. முழுப் பணத்தையும் ஒரேயடியாகக் கொடுக்காதீர்கள், ஒரு பங்கை மூன்று மாசம் கழித்துத் தருவதாக எழுதி வாங்குங்கள். நடும்போது பக்கத்தில் நின்று பையைக் கிழிக்கிறார்களா என்று பாருங்கள். அவ்வளவுதான் இப்போது தோன்றுகிறது.

வீட்டுக்காரரிடம் இன்னும் முழுசாகச் சொல்லவில்லை. ஒரு வாரமாக வீடியோ காலில் வீட்டுக்குள் இருந்தே பேசுகிறேன். இன்றைக்குச் சொல்லிவிடுவேன், 62,000 ரூபாயையும் சேர்த்து. மாமா ஐப்பசியில் பூவரசம் போத்து வெட்டித் தருகிறேன் என்றிருக்கிறார். அதற்குள் அந்த ஜல்லியையும் நார்க்கழிவையும் அள்ளி வெளியே கொட்ட வேண்டும், அதற்கு ஆள் கூலி தனி.