அறுபது லிட்டரில் கல் பவளம்: நீர் மாற்றமா, சுண்ணாம்பு நீரா, இரட்டைக் கரைசலா?

அக்ரோபோரா, மாண்டிபோரா, ஸ்டைலோஃபோரா போன்ற கல் பவளங்கள் தம்மைச் சூழ்ந்த நீரிலிருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துத்தான் தம் கல்லுடம்பைக் கட்டுகின்றன. கடலில் இந்தச் செலவு யாருக்கும் தெரியாது. அறுபது லிட்டர் நீர் கொண்ட ஒரு தொட்டியில் நாலைந்து கிளைகள் நன்றாகப் பிடித்து வளரத் தொடங்கினாலோ, நீரின் காரத்தன்மை, அதாவது அதில் கரைந்துள்ள கார்பனேட், பைகார்பனேட்டின் இருப்பு, ஒரே நாளில் ஒரு டி.கே.எச். (அதை அளக்கும் அலகு) வரை இறங்கிவிடும். அந்த இறக்கத்தை ஈடுசெய்ய மூன்று வழிகள் வழக்கத்தில் உள்ளன. மூன்றையும் நான் ரியாதில் எட்டு ஆண்டுகளும், ஊர் திரும்பியபின் நாகர்கோவிலில் மூன்று ஆண்டுகளும், ஒரே அளவுள்ள தொட்டிகளில் மாறிமாறிப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். ரியாதில் எனக்கு முதலிடத்தில் இருந்த வழி இங்கே கடைசி இடத்துக்குப் போய்விட்டது என்பதால்தான் இந்த ஒப்பீட்டை எழுதத் தோன்றியது.

தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதல் அட்டவணையில் கல் பவளங்கள் அனைத்தும் 2001-இல் சேர்க்கப்பட்டுவிட்டன. ஆகவே நம் கடலிலிருந்து ஒரு விரற்கடைத் துண்டைக்கூட எடுக்கவோ வாங்கவோ விற்கவோ இயலாது. கரையொதுங்கிய செத்த பவளத்துக்கும் இது பொருந்தும். பன்னாட்டு வணிகத்திலும் இவை கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளவை. என் அக்ரோபோராக்களை ரியாதிலேயே ஒரு நண்பரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் வந்தேன். நாகர்கோவில் தொட்டியில் இன்று இருப்பவை இரண்டு கோமாளி மீன்களும், பாறையெல்லாம் ஊதா நிறத்தில் படர்ந்திருக்கும் சுண்ணாம்புப் பாசியும் மட்டுமே. அந்தப் பாசியும் பவளத்தைப் போலவே கால்சியத்தையும் காரத்தன்மையையும் தின்பது, வேகந்தான் குறைவு. எனவே பவளத்தின் நடத்தையைப் பற்றி நான் சொல்பவை ரியாத் அனுபவம் என்றும், காற்று, ஈரப்பதம், கடல்நீர் பற்றிச் சொல்பவை குமரி மாவட்ட அனுபவம் என்றும் கொள்க. வளைகுடாவில் அடுக்ககங்களில் தொட்டி வைத்திருக்கும் நம் மாவட்டத்துக்காரர்கள் பலர், விடுமுறையில் வரும்போது இரண்டு இடத்துக்கும் ஒரே முறை செல்லுமா என்று கேட்கிறார்கள். செல்லாது.

எட்ட வேண்டிய அளவுகளில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. உப்புத்தன்மை ஆயிரத்துக்கு 35, கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மி.கி., மக்னீசியம் 1,300 மி.கி. அளவில், காரத்தன்மை 7 முதல் 9 டி.கே.எச்., வெப்பநிலை 25 அல்லது 26 டிகிரி. இவற்றுள் காரத்தன்மைதான் முதலில் ஆட்டம் காணும். கால்சியம் இருபது மி.கி. குறைந்தால் பவளம் பொறுத்துக்கொள்ளும். அதே வளர்ச்சிக்கான காரத்தன்மை இழப்பு 2.8 டி.கே.எச்., அதைப் பொறுக்காது, கிளைநுனிகள் வெளுத்துவிடும். எட்டில் வைப்பதா ஏழரையில் வைப்பதா என்பதைவிட, வைத்த இடத்தில் அது அசையாமல் நிற்கிறதா என்பதுதான் கேள்வி. மூன்று வழிகளையும் நான் அந்த உரைகல்லில்தான் உரசிப் பார்க்கிறேன்.

முதலில் நீர் மாற்றம். எளிமையில் இதற்கு நிகரில்லை. பம்பு வேண்டாம், கரைசல் வேண்டாம், எடைத்தராசும் வேண்டாம். ஆனால் கணக்குப் போட்டால் இதன் எல்லை தெரிந்துவிடும். சின்னஞ்சிறு துண்டுகள் சில மட்டும் இருந்து, நாளொன்றுக்கு 0.2 டி.கே.எச். செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். வாரத்தில் 1.4 குறையும், எட்டிலிருந்து 6.6-க்கு வந்துவிடும். பதினொரு டி.கே.எச். தரும் உப்புக் கலவையைக் கொண்டு அதைத் திரும்ப எட்டுக்கு ஏற்ற வேண்டுமானால், ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு நீரை, அதாவது இருபது லிட்டர் அளவை, ஒரே மூச்சில் மாற்ற வேண்டும். வாரமெல்லாம் இறங்கி ஒரே நாளில் ஏறும் இந்த ஊஞ்சலாட்டம் மாண்டிபோராவுக்கு ஒருவாறு பழகிவிடும். அக்ரோபோராவுக்குப் பழகுவதில்லை.

கடலை வீட்டு வாசலில் வைத்துக்கொண்டு உப்புப் பொட்டலம் வாங்குவானேன் என்ற கேள்வி இங்கே எல்லோருக்கும் எழும். ரியாதில் கடல் நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. நாகர்கோவிலிலிருந்து முட்டத்துக்கு அரைமணி நேரப் பயணம். நானும் கேன்களை எடுத்துக்கொண்டு முதலில் அங்கேதான் போனேன். ஆனி மாதம், துறைமுகச் சுவரை ஒட்டி நின்று கேனை முக்கப் போனபோது, வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர், "கரை வெள்ளம் எடுக்கப்படாது அண்ணே, கலங்கிக் கெடக்கு, டீசல் வேற மிதக்கு. தெளிஞ்ச பெறவு ஆழத்து வெள்ளம் கொண்டு தாறேன்" என்றார். சொன்னபடியே தை மாதத்தில், கரைக்கு வெகு தொலைவில் முகந்த நான்கு கேன்கள் வந்தன. மூடிய பீப்பாயில் இருட்டில் இரண்டு வாரம் தெளியவைத்து, வடிகட்டிப் பயன்படுத்தினேன், நல்ல நீர். தேங்காய்ப்பட்டணத்தில் தாமிரபரணியும் மணக்குடியில் பழையாறும் கடலில் சேரும் இடங்களுக்கு அருகில் மட்டும் மழைக்காலத்தில் எடுக்கவே கூடாது; உப்புத்தன்மை இறங்கியிருக்கும், வயல் உரமும் கலந்திருக்கும்.

ஆயினும் கடல்நீருக்கு ஒரு வரம்பு உண்டு. அதன் காரத்தன்மையே ஏறத்தாழ 6.5 முதல் 7 டி.கே.எச். வரைதான். எத்தனை கேன் ஊற்றினாலும் தொட்டியை அதற்குமேல் அதனால் ஏற்ற முடியாது. எட்டில் வைத்திருக்கும் தொட்டியை அது கீழேதான் இழுக்கும். எனவே சுவடுத் தனிமங்களைப் புதுப்பிக்கவும் கழிவை நீர்க்கச் செய்யவும் கடல்நீரை நான் வைத்துக்கொள்கிறேன். சுண்ணாம்பு ஊட்டும் வேலையை அதனிடம் கொடுப்பதில்லை.

இரண்டாவது வழி சுண்ணாம்பு நீர். தூய கால்சியம் ஹைட்ராக்சைடை அயனி நீக்கிய ஆர்.ஓ. நீரில் கலக்கி, தெளியவைத்து, மேலே நிற்கும் தெளிநீரை மட்டும், ஆவியாகிக் குறையும் நீருக்கு ஈடாகச் சொட்டுச்சொட்டாக விடுவது. லிட்டருக்கு ஒன்றரை கிராம் அளவே கரையும். மிச்சம் அடியில் வண்டலாகத் தங்கும். பாத்திரத்தைத் திறந்து வைத்தால் காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து, காய்ச்சிய பாலின் ஏடு போல மேலே ஒரு மெல்லிய படலம் கட்டும். அந்தப் படலமாக மாறிய சுண்ணாம்பு பவளத்துக்கு இனி உதவாது. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பை இதற்குப் பயன்படுத்தலாமா என்று என் மைத்துனர் கேட்டார். அடிப்பொருள் ஒன்றே என்றாலும், சிப்பி சுட்டு நீற்றிய சுண்ணாம்பில் வேறு என்னென்ன கலந்திருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. சோதனைச்சாலைத் தரத்தில் கிடைப்பதையே வாங்குவது நல்லது.

இம்முறையின் அழகு, கால்சியமும் காரத்தன்மையும் பவளம் உண்ணும் அதே விகிதத்தில் சேர்ந்து செல்வது. உப்பு எதுவும் எச்சமாகத் தங்குவதில்லை. நன்கு செறிந்த சுண்ணாம்பு நீர் ஒரு லிட்டர், அறுபது லிட்டர் தொட்டியை 1.9 டி.கே.எச். உயர்த்தும். ரியாதின் வறண்ட காற்றில், குளிரூட்டிய அறையில், என் தொட்டியிலிருந்து நாள்தோறும் ஒரு லிட்டருக்குமேல் ஆவியாயிற்று. தேவை ஒரு டி.கே.எச்.தான் என்பதால் பாதிச் செறிவில் விட்டாலே போதுமானதாக இருந்தது. சன்னலே திறக்காத அந்த அறையில் எங்கள் மூச்சுக்காற்றால் நீரின் பி.எச். 7.8-க்கு இறங்கிக் கிடந்தது. சுண்ணாம்பு நீர் அதை 8.2-க்கு ஏற்றித் தந்தது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

நாகர்கோவிலில் இரண்டு மாங்காயும் இல்லை. நாற்புறமும் சன்னல் திறந்த வீட்டில் பி.எச். தானாகவே 8.1-இல் நிற்கிறது. இரு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. ஆனியிலும் ஐப்பசியிலும் காற்றே ஈரத்துணி போலிருக்கும்போது என் தொட்டியில் ஆவியாவது முந்நூறு மி.லி. மட்டுமே. முழுச் செறிவில் விட்டாலும் அது 0.6 டி.கே.எச்.-ஐத் தாண்டாது. பங்குனி, சித்திரையில் நீரைக் குளிர்விக்க மேலே மின்விசிறி ஓடும். அப்போது ஆவியாவது ஒரு லிட்டரை நெருங்கும். பவளத்தின் பசி மாறாதிருக்க, ஊட்டும் அளவு மட்டும் மழைக்கும் வெயிலுக்கும் ஏற்ப மும்மடங்கு ஏறியிறங்கும் ஒரு முறையை நான் எப்படி நம்புவது?

இதன் ஆபத்தையும் மறைக்கக் கூடாது. ரியாதில் ஓர் இரவு, நீர்மட்டம் காக்கும் மிதவையின் மேல் ஒரு நத்தை ஏறி ஒட்டிக்கொண்டது. மிதவை மேலெழவில்லை, பம்பு நிற்கவில்லை. விடியலில் பார்த்தபோது மூன்று லிட்டர் சுண்ணாம்பு நீர் இறங்கி, தொட்டி முழுவதும் வெண்துகள் பறந்துகொண்டிருந்தது. நடுவிலிருந்த நீல நுனி அக்ரோபோராவின் தோல் அடியிலிருந்து உரிந்து, வெள்ளை எலும்பு தெரிந்தது. மாலைக்குள் முழுக் கிளையும் போய்விட்டது. பெரிய தொட்டியில் மூன்று லிட்டர் ஒரு தவறு. அறுபது லிட்டரில் அது பேரழிவு.

மூன்றாவது, இரட்டைக் கரைசல். ஒரு புட்டியில் கால்சியம் குளோரைடு, இன்னொன்றில் ஆப்பச்சோடா எனப்படும் சோடியம் பைகார்பனேட். பேக்கிங் பவுடர் வேறு, ஆப்பச்சோடா வேறு. முன்னதில் அமிலப் பொடியும் மாவும் கலந்திருக்கும், தொட்டிப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. என் அளவு இது: ஒரு லிட்டர் தூயநீரில் 60 கிராம் ஆப்பச்சோடா, மற்றொரு லிட்டரில் 52 கிராம் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட். இரண்டிலும் 30 மி.லி. விட்டால் அறுபது லிட்டர் நீரில் காரத்தன்மை ஒரு டி.கே.எச்.சும் கால்சியம் 7 மி.கி.யும் ஏறும். இரண்டையும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் விட்டால் வெண்பொடியாகத் திரிந்துவிடும். நீரோட்டம் மிகுந்த இடத்தில், இடைவெளி விட்டே விட வேண்டும்.

காலையில் ஒரே முறை ஊற்றினால் இதுவும் ஊஞ்சலாட்டந்தான். சிறு டோசிங் பம்பு ஒன்றை வைத்து, நாளைக்குப் பன்னிரண்டு தவணையாகப் பிரித்தால், ஒவ்வொரு தவணைக்கும் ஏற்றம் 0.1 டி.கே.எச்.-க்கும் குறைவு. ஈரப்பதத்தோடு இதற்குத் தொடர்பே இல்லை. ஆனியிலும் 30 மி.லி., பங்குனியிலும் 30 மி.லி. மின்சாரம் போனால் ஒன்றிரண்டு தவணைகள் தவறும், அவ்வளவே. 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் அடித்தபின் மாவட்டத்தின் பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்ததை நினைத்தால், நின்றுபோனால் கெடுதல் செய்யாத ஒரு கருவி என்பது பெரிய தகுதி. அத்தகைய நாளில் பவளத்தைக் கொல்வது நீரோட்டமின்மையும் பிராணவாயுக் குறைவுந்தான். மின்கலத்தில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று தனியே இருக்க வேண்டும்.

குறைகள் இல்லாமல் இல்லை. வினையின் எச்சமாகச் சமையல் உப்பு சேரும்: நாளொன்றுக்கு ஒரு டி.கே.எச். என்றால் மாதத்தில் 37 கிராம் அளவு, அதாவது உப்புத்தன்மை ஆயிரத்துக்கு 0.6 கூடும். வாரம் ஆறு லிட்டர் நீர் மாற்றி, மாதம் இருமுறை உப்புமானியில் பார்த்தால் சமாளிக்கலாம். இன்னொன்று நம் ஊருக்கே உரிய தொல்லை. கால்சியம் குளோரைடு ஈரத்தைக் குடிக்கும். ஆனியில் பொட்டலத்தை மடித்து மட்டும் வைத்துவிட்டுத் தூங்கினேன், மறுநாள் பொட்டலத்துக்குள் பாகு. நீர் குடித்த பொடியை எடைபோட்டால் கணக்கு பொய்க்கும். வாங்கியவுடனே முழுப் பொட்டலத்தையும் அளந்து கரைத்து, புட்டியில் அடைத்து வைத்துவிடுகிறேன்.

கரியமில வாயுவால் சுண்ணாம்புத் துகளைக் கரைத்து ஊட்டும் கால்சியம் ரியாக்டர் இந்த அளவுத் தொட்டிக்கு யானைப் பசிக்காரன். வாயு உருளையை வைக்க இடம் தேடுவதிலேயே காலம் போகும். கால்சியம் ஃபார்மேட்டை அடிப்படையாகக் கொண்ட ஒற்றைப் புட்டிக் கரைசல்கள் வசதியானவை. நுண்ணுயிர்கள்தான் அதைக் காரத்தன்மையாக மாற்றித் தருகின்றன என்பதால், தொட்டி முதிர்ந்தபின் தொடங்குவது நலம்.

இங்கே வைப்பவருக்கு என் தேர்வு இரட்டைக் கரைசல். கூடவே தை முதல் மாசி வரை ஆழ்கடல் நீரும் மற்ற மாதங்களில் உப்புக் கலவையும் கொண்டு வாராந்திர நீர் மாற்றம். ரியாதிலுள்ள நண்பருக்கு இன்றும் சுண்ணாம்பு நீரைத்தான் சொல்கிறேன். மிதவைக்கு மேலே ஒரு வலைக்கூட்டை மாட்டச் சொல்லியிருக்கிறேன், நத்தை ஏறாதிருக்க. என் ஊதாப் பாசியின் பசி இப்போது நாளுக்கு 0.2 டி.கே.எச்.; பம்பு ஒவ்வொரு புட்டியிலிருந்தும் 6 மி.லி. விடுகிறது. நேற்று மாலைச் சோதனையில் காரத்தன்மை 7.8, போன வாரமும் அதுவேதான்.