பழைய பேஸ்பால் கார்டுகள்: நான் 1956 கட்சி

பேஸ்பால் கார்டு என்பது சூயிங் கம், சிகரெட் போன்றவற்றோடு வந்த வீரர் பட அட்டை; ஒரு வெளியீட்டின் மொத்த அட்டைகளும் சேர்ந்தது ஒரு செட். பழைய செட்களில் எது உசத்தி என்று கேட்டால், பாதிப் பேர் யோசிக்காமல் டாப்ஸ் கம்பெனியின் 1952 செட் என்பார்கள். ஏன் என்றால், யாங்கீஸ் நட்சத்திரம் மிக்கி மேண்டில் அதில் இருக்கிறார் என்பார்கள். அந்த செட்டில் அவருடைய 311-ஆம் எண் கார்டு ஒன்று 2022-இல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது உண்மைதான். ஆனால் ஒரு கார்டின் விலையைப் பார்த்து மீதி 406 கார்டுகளுக்கும் மார்க் போட முடியுமா? பிடித்த செட் என்றால் நான் பார்ப்பது இரண்டு விஷயம். கார்டைக் கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வரக்கூடாது. சாதாரண ஆள் ஒருவர் பொறுமையாகச் சேர்த்தால் என்றைக்காவது செட் முடிய வேண்டும்.

இரண்டாவது நிபந்தனையிலேயே பழம்பெரும் புள்ளிகள் இரண்டு பேர் அவுட். 1909 முதல் 1911 வரை சிகரெட் பெட்டிகளில் வந்த டி206 என்ற செட்டில் ஐநூறுக்கு மேல் கார்டுகள். அதில் ஹோனஸ் வாக்னர் என்ற வீரரின் கார்டு கோடீஸ்வரர்களின் சொத்து. கௌடி கம்பெனியின் 1933 செட்டில் பேப் ரூத்துக்கு மட்டும் நான்கு கார்டுகள் உண்டு, அருமையான செட். ஆனால் 106-ஆம் எண்ணை அந்த ஆண்டு அச்சடிக்கவே இல்லை. மறு ஆண்டு பழைய வீரர் லாஜோயின் படத்தோடு அச்சிட்டு, கடிதம் எழுதிக் கேட்டவர்களுக்கு மட்டும் அனுப்பினார்கள். ஆக, என் போட்டி 1950-களுக்குள்தான்.

சரி, 1952-க்கு வருவோம். புரூக்ளினில் இருந்த டாப்ஸ் சூயிங் கம் கம்பெனிக்காக சை பெர்கரும் வுடி கெல்மனும் பெர்கர் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து வடிவமைத்த செட் அது. அளவு பெரிது, முன்பக்கம் அணிச் சின்னமும் கையெழுத்தும், பின்பக்கம் புள்ளிவிவரம். இன்றைய கார்டின் இலக்கணமே அங்கிருந்துதான் வருகிறது, அதை மறுக்க முடியாது. சிக்கல் கடைசித் தொகுதியில். 311 முதல் 407 வரையுள்ள கார்டுகள் சீசன் முடியும் நேரத்தில் கடைக்கு வந்தன. பையன்கள் அதற்குள் ஃபுட்பாலுக்குப் போய்விட்டார்கள். விற்காமல் தேங்கிய பெட்டிகளை 1960-இல் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக பெர்கரே சொல்லியிருக்கிறார். இதில் ஒரு வேடிக்கை: அந்தத் தொகுதியில் மேண்டில், ஜாக்கி ராபின்சன், பாபி தாம்சன் மூவரின் கார்டுகளும் இரட்டிப்பாக அச்சானவை. கிடைப்பதற்கு மேண்டிலைவிட அரிது, அதே தொகுதியில் உள்ள, பெயரே தெரியாத மற்றவர்கள்தான்! அதோடு அந்த 311 மேண்டிலின் ரூக்கி கார்டும் (வீரரின் முதல் கார்டு) இல்லை. ரூக்கி கார்டு, போட்டிக் கம்பெனியான போமனின் 1951 செட்டில் 253-ஆம் எண்.

அழகு மட்டும்தான் கணக்கு என்றால் 1953-இல் இரண்டு செட்கள் முட்டிக்கொள்கின்றன. டாப்ஸ் அந்த ஆண்டு ஓவியம் தீட்ட வைத்தது. சேச்சல் பேஜ் கார்டைப் பாருங்கள்: செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் தொப்பிக்குக் கீழே எத்தனையோ ஆண்டுகள் பந்து வீசிய முகம். (பெயரில் ஓர் எழுத்தைக் கூடுதலாகப் போட்டுவிட்டார்கள், அது வேறு கதை.) டாப்ஸில் அவருக்கு வந்த ஒரே கார்டு அது. ஆனால் ஓவியங்கள் எல்லாம் ஒரே தரமில்லை. சில முகங்களில் உயிர் இல்லை. கீழ் மூலையில் உள்ள வண்ணப் பட்டை சீக்கிரம் உதிர்ந்து வெள்ளை தெரியும். எண் 280 வரை போனாலும் இருப்பது 274 கார்டுகள்தான்; ஆறு எண்கள் வரவே இல்லை.

பிலடெல்பியாவின் போமன் எடுத்த வழி நேர் எதிர். வண்ணப் புகைப்படம், சுற்றிலும் வெள்ளை ஓரம், அவ்வளவுதான். பெயர் கிடையாது, அணி கிடையாது. பீ வீ ரீஸ் சறுக்கி வருபவருக்கு மேலே அந்தரத்தில் நிற்கும் 33-ஆம் எண் கார்டுக்கு ஈடாக அந்தப் பத்தாண்டில் வேறொரு படம் இல்லை என்பேன். பின்பக்கம் அந்த ஆண்டுக் கணக்கைப் பையன்களே எழுதிக்கொள்ள இடம் விட்டிருந்தார்கள். 160 கார்டுகளோடு நின்றுபோனது, நட்சத்திரங்களான வில்லி மேஸும் ராபின்சனும் இல்லை என்பவைதான் குறைகள். வண்ணத்துக்குச் செலவு தாங்காமல் மீதி 64 வீரர்களைக் கறுப்பு வெள்ளையில் தனி செட்டாகப் போட்டார்கள்.

இவற்றையெல்லாம் தாண்டி 1956 டாப்ஸ் எனக்கு முதலிடம். ஒரே கார்டில் இரண்டு படம்: ஒருபக்கம் பெரிய முகம், அதன் பின்னால் மைதானத்தில் ஆடும் காட்சி. முகங்களில் பல 1954, 1955 செட்களிலிருந்து அப்படியே எடுத்தவை; சோம்பேறித்தனம் என்று திட்டுபவர்கள் உண்டு. ஆனால் பின்னணிக் காட்சி அந்தக் குற்றத்தைக் கழுவிவிடுகிறது. ராபின்சன் ரன் எடுக்க ஹோம் பிளேட்டை நோக்கிச் சறுக்குகிறார். அந்த சீசனோடு ஓய்வு பெற்றுவிட்டார் என்பது தெரிந்து பார்த்தால் கார்டின் கனம் கூடும். ஹாங்க் ஏரன் கார்டில் சறுக்குபவர் ஏரனே இல்லை, வில்லி மேஸ்! இப்படி ஒரு தவறை நான் குறையாக எண்ணுவதில்லை, செட்டோடு வரும் இலவச விருந்து அது. பின்பக்கம் மூன்று கட்டக் கார்ட்டூன் வேறு.

டாப்ஸ் அந்த ஆண்டுத் தொடக்கத்தில் போமனை விலைக்கு வாங்கிவிட்டதால், ஒப்பந்தச் சண்டையில் இரண்டு ஆண்டுகள் டாப்ஸில் காணாமல் போயிருந்த மேண்டில் 135-ஆம் எண்ணில் திரும்பி வந்தார். அதே ஆண்டு அவர் டிரிபிள் கிரவுன் (பேட்டிங் சராசரி, ஹோம் ரன், ஆர்பிஐ மூன்றிலும் லீகில் முதலிடம்) வென்றார். அந்த ஆண்டு இறுதிப் போட்டியான உலகத் தொடரில், எதிரணியில் ஒருவரைக்கூட பேஸ் ஏறவிடாமல் பெர்ஃபெக்ட் கேம் வீசிய டான் லார்சனுக்கும் இதில் கார்டு உண்டு. புரூக்ளின் டாஜர்ஸ் சாம்பியன்களாக இருந்த நேரத்து அணிப் படமும் உண்டு. 1957 சீசன் முடிந்ததும் அந்த அணி லாஸ் ஏஞ்சலஸுக்குப் போய்விட்டது.

மொத்தம் 340 கார்டுகள். கடலில் கொட்டிய தொகுதி எதுவும் இல்லை. பெரிய ரூக்கி என்றால் லூயிஸ் அபாரிசியோ ஒருவர்தான். ரூக்கி வேட்டைக்காரர்கள் கிளெமெண்டே, கூஃபாக்ஸ் இருவரும் உள்ள 1955 டாப்ஸுக்குப் போகலாம். முதல் 180 எண்களின் பின்பக்கம் சாம்பல், வெள்ளை என்று இரண்டு விதமாக இருக்கும். தொடங்குபவர்கள் அதைப் பற்றிக் கவலைப்படாமல், எது மலிவோ அதை வாங்கிவிடலாம். எண் இல்லாத இரண்டு செக்லிஸ்ட்கள் (டிக் அடித்துக்கொள்ளும் கார்டுப் பட்டியல்கள்) மட்டும் சோதிக்கும்: பேனா படாதது அபூர்வம். அப்புறம், அன்றைய நட்சத்திரம் ஸ்டான் மியூசியல் இதில் இல்லை. அவர் டாப்ஸுக்கு வந்தது 1958-இல். அவர் வேண்டும் என்றால் 1953 போமனின் 32-ஆம் எண்ணை வாங்கி ஆல்பத்தில் முதல் பக்கத்தில் வைத்துவிடுங்கள். யாரும் கேட்கப் போவதில்லை.