மஸ்டா ஆர்எக்ஸ்-8: ஆயில் குடிப்பது குறையல்ல

மஸ்டா ஆர்எக்ஸ்-8 காரில் இருப்பது, பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் ரோட்டரி எஞ்சின். அந்த ரோட்டரின் முனைகளிலுள்ள அபெக்ஸ் சீல்கள் (வாயு கசியாமல் அடைக்கும் பட்டைகள்) அறைச்சுவரை ஓயாமல் உரசியபடியே சுழல்வதால், அவற்றுக்கு ஆயில் படலம் கிடைக்காவிட்டால் தேய்மானமும் அழுத்த இழப்பும் நிச்சயம். ஆர்எக்ஸ்-8 காரின் 1.3 லிட்டர் ரெனிசிஸ் எஞ்சினில், வேகத்தையும் சுமையையும் கணித்து எஞ்சின் கணினி இடும் ஆணைப்படி, பம்ப் அந்த ஆயிலைச் சிறுகச் சிறுக அறைக்குள் செலுத்துகிறது. ரோட்டருக்கு இரண்டாக இருந்த ஆயில் நாசில்களை 2009 மாடலில் மூன்றாக்கி, சீலின் நடுப்பகுதியையும் நனைய வைத்ததே இந்தக் காருக்குக் கிடைத்த ஆகச் சிறந்த திருத்தம் என்பேன். ஆனால் அந்த ஆயில் எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பிலிருந்தே எடுக்கப்பட்டு பெட்ரோலோடு எரிந்துபோகிறது. எனவே பங்க்கில் நிற்கும்போதெல்லாம் டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி செருகி எடுத்து, மட்டம் பார்த்தே ஆக வேண்டும். அதற்கு மனமுள்ளவர்கள் 2009 அல்லது அதற்குப் பிந்தைய மாடலையே தேடி வாங்குங்கள்.