ஜிப்ஸியின் பின் ஆக்சில்: டேப்பும் தூக்குக்குண்டும் வைத்துப் பார்க்கும் முறை

வால்பாறைப் பக்கத்து எஸ்டேட் ரோடுகளில் பல வருஷமாக ஓடும் மாருதி ஜிப்ஸி என்னுடையது. இந்த வண்டியில் ஸ்டீயரிங் கோணி நின்றால் எல்லோரும் முன்சக்கரத்தைத்தான் சந்தேகிக்கிறார்கள். என் அனுபவத்தில் முதலில் பார்க்க வேண்டியது பின் ஆக்சிலை, அதாவது இரண்டு பின்சக்கரங்களையும் தாங்கும் இரும்பு அச்சை.

ஜிப்ஸிக்கு நாலு பக்கமும் பட்டை ஸ்பிரிங். பட்டைகளைக் கோத்திருக்கும் சென்டர் போல்ட்டின் தலை ஆக்சிலில் உள்ள குழியில் உட்கார்ந்திருக்கும்; U வடிவத்தில் வளைந்த யூ போல்ட்டுகள் ஸ்பிரிங்கையும் ஆக்சிலையும் சேர்த்து இறுக்கிப் பிடிக்கும். பாறையில் ஏறி இறங்கி யூ போல்ட் தளர்ந்துவிட்டால், இழுவை முழுக்க அந்தச் சின்ன சென்டர் போல்ட் மேல் விழும். அது அறுந்தால் ஆக்சில் ஒரு பக்கம் முன்னோ பின்னோ நகர்ந்துவிடும். வண்டி நேராகத்தான் போகும், ஆனால் நண்டு மாதிரி உடம்பைச் சாய்த்துக்கொண்டு போகும்.

என் வண்டிக்கு இப்படி ஆனபோது அலைன்மென்ட் கடையில் முன்பக்க ராடுகளைத் திருப்பி ஸ்டீயரிங்கை நடுவில் நிறுத்திக் கொடுத்துவிட்டார்கள். பின்பக்கம் யாரும் குனிந்துகூடப் பார்க்கவில்லை. அதற்கப்புறம் நானே அளக்க ஆரம்பித்தேன்.

சமமான சிமென்ட் தரை வேண்டும், டயர்களில் காற்று சரியாக இருக்க வேண்டும், முன்சக்கரங்கள் நேராக நிற்க வேண்டும். நாலு ஹப்பின் (சக்கரத்தின் மையக்குடம்) நடுவிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டு, தரையில் சாக்பீஸால் புள்ளி வைப்பேன். பிறகு ஒவ்வொரு பக்கமும் முன்புள்ளிக்கும் பின்புள்ளிக்கும் இடையே டேப் பிடித்து அளப்பேன்; இந்தத் தூரம்தான் வீல்பேஸ். கம்பெனி சொல்லும் வீல்பேஸ் 2375 மி.மீ. இடதும் வலதும் இரண்டு மூன்று மி.மீ.க்குள் ஒத்துப்போனால் கவலையில்லை. 10 மி.மீ. வித்தியாசம் வந்தால் ஆக்சில் கிட்டத்தட்ட அரை டிகிரி திரும்பியிருக்கிறது என்று அர்த்தம்.

முன் ஆக்சிலும் பட்டையில்தான் நிற்கிறது, நகர்ந்தது அதுவாகவும் இருக்கலாம். அதனால் பின் ஸ்பிரிங்கின் முன்கண் (பட்டையின் முன்முனையில் சுருண்டிருக்கும் வளையம்) போல்ட்டிலிருந்து ஆக்சில் வரை இரு பக்கமும் தனியாக அளந்துவிடுவேன். நான் அதிகம் நம்புவது இந்த அளவைத்தான். அப்படியே யூ போல்ட் தட்டின் ஓரத்தையும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். செம்மண் நிறத்தில் துருப்பொடி கசிந்து, பக்கத்திலேயே இரும்பு பளபளவென்று தேய்ந்திருந்தால் அங்கே அசைவு இருக்கிறது.

நூல் பிடித்துப் பார்க்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜிப்ஸியில் இடது, வலது டயர்களின் நடுவுக்கு நடுவான அகலம் பின்னால் 1310, முன்னால் 1300 மி.மீ. பின் டயரை ஒட்டி நூல் பிடித்தால் முன் டயரில் பக்கத்துக்கு 5 மி.மீ. இடைவெளி இருப்பதுதான் சரி.

வேலையை லாரி ஸ்பிரிங் பட்டறையில் செய்தேன். சென்டர் போல்ட்டும் யூ போல்ட்டும் புதிதாகவே போட வேண்டும். ஒருமுறை இழுபட்ட யூ போல்ட் திரும்பப் பிடிக்காது. நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக இறுக்க வேண்டும். ஸ்பிரிங் கண் போல்ட்டுகளை ஜாக்கியில் தூக்கி வைத்து இறுக்கவே கூடாது. வண்டி தன் பாரத்தோடு தரையில் நிற்கும்போது இறுக்கினால்தான் கண்ணுக்குள் இருக்கும் ரப்பர் புஷ் முறுக்கிக் கிழியாது. சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி ஒரு பிடி பார்க்க வேண்டும். மழைக்காலம் முடிந்ததும் இப்போதும் அளக்கிறேன், ஸ்டீயரிங் நடுவிலேயே நிற்கிறது.

ஆக்சிலின் வெளிக்கூடான ஹவுசிங் வளைந்திருந்தால் இந்த முறையில் உறுதியாகத் தெரியாது. வீல்பேஸ் சரியாக இருந்தும் பின் டயர் ஒரு ஓரமாகவே தேய்ந்தால் நாலு சக்கரத்தையும் அளக்கும் அலைன்மென்ட் மெஷினில் ஏற்றுவதுதான் வழி. ஜிம்னி வைத்திருப்பவர்களுக்குக் கணக்கே வேறு: அதில் காயில் ஸ்பிரிங், ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடிப்பது குறுக்கு ராடு. வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட் போட்டால் ஆக்சில் ஒரு பக்கம் தள்ளிப்போகும், அங்கே சேஸிஸிலிருந்து டயர் வரை இரு பக்கமும் அளக்க வேண்டும்.