ஒரே மாடல், இரண்டு பேட்டரிகள்: நான்காண்டுப் பயன்பாட்டு அனுபவம்

நானும் என் தம்பியும் ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே மாடல் ஆண்ட்ராய்டு கைப்பேசியை வாங்கி நான்கு ஆண்டுகளுக்கு மேலாகிறது. இரண்டிலும் இருந்தவை 5000 எம்ஏஎச் லித்தியம் அயனி பேட்டரிகள். என்னுடையது திருச்சியில் அலுவலக மேசையிலும் வீட்டிலுமாகக் காலம் கழித்தது. மருந்து நிறுவனப் பிரதிநிதியான தம்பியுடையது பைக்கின் கைப்பிடியில் மாட்டிய ஸ்டாண்டில், மேப் ஓடியபடியே, கரூருக்கும் பெரம்பலூருக்கும் வெயிலில் அலைந்தது. என் பேட்டரி புதிதாக இருந்தபோது கொண்டிருந்த திறனில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கை இழந்திருக்கிறது. அவனுடையது மூன்றாம் கோடையிலேயே உப்பிப்போய் மாற்ற வேண்டியதாயிற்று. ஒரு நாளைக்கு எத்தனை முறை சார்ஜ் போட்டோம் என்று பார்த்தால் இருவருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆகவே, பேட்டரியின் ஆயுளைச் சார்ஜ் போடும் எண்ணிக்கையை மட்டும் வைத்து அளப்பது போதாது என்பதே இந்த நான்காண்டுகளில் எனக்கு உறுதிப்பட்ட முடிவு. வெப்பமும், நிறைந்த நிலையிலேயே பேட்டரி எவ்வளவு நேரம் கிடக்கிறது என்பதும் அதைவிடப் பெரிய காரணங்கள்.

இதை விளக்க உள்ளே நடப்பதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தாமிரத் தகட்டின் மேல் பூசிய கிராஃபைட் ஒரு முனை, அதாவது எதிர்முனை. அலுமினியத் தகட்டின் மேல் பூசிய லித்தியம் கோபால்ட் ஆக்சைடு மறுமுனை, அதாவது நேர்முனை. இரண்டும் ஒன்றையொன்று தொட்டுவிடாதபடி நடுவே தலைமுடியை விட மெல்லிய, நுண்துளைகள் நிறைந்த பிளாஸ்டிக் படலம் இருக்கிறது. இவற்றைச் சேர்த்துச் சுருட்டி ஓர் அலுமினியப் பைக்குள் வைத்து, லித்தியம் உப்பு கரைந்த கரிமத் திரவத்தை ஊற்றி மூடினால் அதுவே நம் கைப்பேசியின் பேட்டரி. சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் கோபால்ட் ஆக்சைடை விட்டுக் கிளம்பி, படலத்தின் துளைகளைக் கடந்து, கிராஃபைட்டின் அடுக்குகளுக்கு இடையே போய் அமர்கின்றன. எலெக்ட்ரான்கள் வெளிச்சுற்றின் வழியாக வந்து அவற்றுக்கு ஈடு செய்கின்றன. நாம் பேசும்போதும் படம் பார்க்கும்போதும் இதே பயணம் எதிர்த்திசையில் நடக்கிறது. முனைகள் கரைந்து மறுபடி உருவாவதில்லை, அயனிகள் குடியிருக்கும் இடம்தான் மாறுகிறது என்பதால் நூற்றுக்கணக்கான முறை ஏற்றி இறக்கினாலும் அமைப்பு குலையாமல் நிற்கிறது. 1970களில் ஸ்டான்லி விட்டிங்காம் இந்த வழியைத் திறந்தார். 1980இல் ஜான் குட்இனஃப் கோபால்ட் ஆக்சைடைக் கொண்டுவந்து வோல்ட்டை உயர்த்தினார். 1985இல் அகிரா யோஷினோ ஆபத்தான லித்தியம் உலோகத்துக்குப் பதிலாகக் கரிப்பொருளை வைத்துப் பாதுகாப்பான வடிவத்துக்குக் கொண்டுவந்தார். 1991இல் சோனி அதை விற்பனைக்கு விட்டது. மூவருக்கும் 2019இல்தான் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. உலகமே பையில் போட்டுக்கொண்டு திரியும் ஒரு பொருளுக்கு இது சற்றுத் தாமதம்தான்.

சார்ஜ் ஏறும் விதத்தை நேரில் பார்ப்பதற்காக, சுவர் பிளக்குக்கும் சார்ஜருக்கும் இடையே மாட்டும் சிறிய வாட் மீட்டர் ஒன்றை வாங்கினேன். 20 சதவீதத்தில் இருக்கும் கைப்பேசியைச் செருகியதும் மீட்டர் இருபது வாட்டுக்குப் பக்கத்தில் நிற்கும். பாதியைத் தாண்டிய பிறகும் அதிகம் அசையாது. 80 சதவீதத்தை ஒட்டி எண் மெல்லச் சரியத் தொடங்கும். 95க்கு மேல் மூன்று, இரண்டு என்று ஊர்ந்து, 100 காட்டிய பின்னும் சிறிது நேரம் துளித்துளியாக ஏறிக்கொண்டிருக்கும். முதலில் மின்னோட்டத்தை மாறாமல் வைத்து ஏற்றுவதும், உச்ச வோல்ட்டைத் தொட்டதும் வோல்ட்டை அங்கேயே நிறுத்தி மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டே வருவதும்தான் இதற்குக் காரணம். பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளம்பும் காலிப் பேருந்தில் முதல் இருக்கைகள் மளமளவென நிறைந்து, கடைசி இரண்டு மூன்று இடங்களைத் தேடிப் பிடிக்கத்தான் நேரமாவதைப் போன்றது அது. ஆகவே 'அரை மணியில் முழு சார்ஜ்' என்ற விளம்பரத்தைக் காட்டிலும், 'பத்து நிமிடத்தில் எத்தனை சதவீதம்' என்ற கேள்விதான் அன்றாடப் பயனுக்கு உதவும்.

நன்மைகளில் முதலாவதாக நான் வைப்பது திறனை அல்ல, பாதியில் செருகவும் பாதியில் பிடுங்கவும் கிடைக்கும் சுதந்திரத்தைத்தான். 'முழுக்க இறங்கிய பிறகே சார்ஜ் போட வேண்டும்', 'புது போனை முதல் நாள் எட்டு மணி நேரம் சார்ஜில் வைக்க வேண்டும்' என்று கடைக்காரர்கள் சொல்லிவந்த அறிவுரைகள் நிக்கல் பேட்டரிகளின் காலத்து மிச்சங்கள். நிக்கல் காட்மியம் பேட்டரிக்கு அரைகுறையாக இறக்கி ஏற்றினால் திறன் மழுங்கும் குணம் உண்டு. லித்தியம் அயனிக்கு அது இல்லை. இரண்டு நாள் ஐம்பது ஐம்பது சதவீதமாக ஏற்றினாலும் அது ஒரு சுற்றாகவே கணக்காகும். சொல்லப்போனால், முழுக்க இறக்கி முழுக்க ஏற்றுவதைவிட நடுவிலேயே ஏறி இறங்குவது இந்தப் பேட்டரிக்கு இதமானது. நிக்கல் வகை மின்கலம் ஒன்று 1.2 வோல்ட்தான் தரும். இது தனியாகவே 3.7 வோல்ட்டுக்கு மேல் தருவதால் ஒற்றை மின்கலத்தில் கைப்பேசி ஓடிவிடுகிறது. சும்மா வைத்தால் மாதத்துக்கு ஓரிரு சதவீதமே கசிகிறது. எடைக்கு எடை ஈய அமில பேட்டரியைப் போல ஐந்தாறு மடங்கு ஆற்றலைத் தாங்குகிறது. நோக்கியா 1100இல் வந்த பி.எல்-5சி பேட்டரி இன்றைக்கும் திருவிழாக் கடைகளில் விற்கும் எஃப்எம் ரேடியோக்களிலும் சிறு ஸ்பீக்கர்களிலும் ஓடிக்கொண்டிருப்பது இந்தத் தொழில்நுட்பத்தின் நிதானத்துக்குச் சான்று.

மின்கட்டணக் கவலையும் தேவையற்றது. 5000 எம்ஏஎச் என்பது ஏறக்குறைய 19 வாட் மணி; தினமும் முழுதாக ஏற்றினாலும், சார்ஜரில் வெப்பமாக வீணாவதையும் சேர்த்து, ஆண்டுக்குப் பத்து யூனிட்டைத் தாண்டாது.

இனி மூப்புக்கு வருகிறேன். பேட்டரி முதன்முதலில் ஆலையில் சார்ஜ் ஆகும்போதே, கிராஃபைட்டின் மேல் திரவம் சிதைந்து மெல்லிய படிவு ஒன்று உருவாகிறது. அந்தப் படிவு இல்லாவிட்டால் திரவம் தொடர்ந்து சிதைந்துகொண்டே போகும். அதனால் அது ஒரு காப்பு. ஆனால் அது ஆண்டுக்கணக்கில் தடித்துக்கொண்டே வருகிறது. தடிக்கத் தடிக்க லித்தியத்தை விழுங்குகிறது, பேட்டரிக்குள்ளேயே மின்னோட்டத்துக்கு இருக்கும் தடையை, அதாவது உள்மின்தடையையும் கூட்டுகிறது. வெப்பம் ஏற ஏற இந்த வேலை வேகமாக நடக்கும். பேட்டரி நிறைந்து உச்ச வோல்ட்டில் நிற்கும்போது நேர்முனைப் பக்கமும் திரவம் சிதைந்து வாயு உண்டாகும். ஆக, நூறு சதவீதமும் கொதிக்கும் சூடும் ஒன்றாகச் சேர்வதுதான் மிக மோசமான கூட்டணி. தம்பியின் கைப்பேசிக்கு நடந்தது அதுவே: பைக்கில் இருந்த யூஎஸ்பி இணைப்பில் நாள் முழுதும் நூறிலேயே நின்று, மேப் ஓடிய சூடும், கத்திரி வெயிலும், கறுப்பு உறையும் சேர்ந்து வெந்தது. ஐஃபோன் போன்றவற்றுக்கு 35 டிகிரி வரையிலான சூழலே பரிந்துரைக்கப்படுகிறது. மே மாதக் கரூர்ச் சாலையில் நிழலிலேயே 40ஐத் தொடும். சுழியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் லித்தியம் உலோகமாகவே படிந்துவிடும் என்பது இன்னொரு ஆபத்து, ஆனால் அந்தக் கவலை நம்மூர்க்காரர்களுக்கு இல்லை.

உப்பல் சத்தமில்லாமல்தான் வந்தது. பின்மூடி வால்யூம் பட்டன் பக்கம் நகம் நுழையும் அளவுக்கு எழும்பியிருந்தது. மேசையில் வைத்தால் கைப்பேசி லேசாக ஆடியது. திருச்சியில் ஒரு சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்கார இளைஞர் சூடான தட்டின் மேல் சிறிது நேரம் வைத்துப் பசையை இளக்கி, மெல்லிய பிளாஸ்டிக் அட்டையால் மூடியை ஓரமாகக் கிளப்பினார். உள்ளே வெள்ளி நிறப் பை தலையணை போலப் புடைத்திருந்தது. உலோகக் கருவி எதையும் அதன் பக்கம் கொண்டுபோகாமல், ஆல்கஹால் சொட்டுகளை அடியில் விட்டுப் பசை இளகும்வரை காத்திருந்து பையை எடுத்தார். "அண்ணே, இதைக் குப்பையில போட்றாதீங்க, குத்துப்பட்டா பத்திக்கும்" என்று சொல்லி, ஏற்கெனவே சில பேட்டரிகள் கிடந்த மணல் வாளியில் வைத்தார். அவர் சொன்னது மிகையல்ல. நடுவிலிருக்கும் படலம் கிழிந்து இரு முனைகளும் தொட்டுக்கொண்டால் அந்த இடம் சூடேறி, எரியக்கூடிய திரவம் தீப்பற்றும். 2016இல் சாம்சங் கேலக்ஸி நோட் 7 உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டதும் பேட்டரிக்குள் நேர்ந்த இதே வகை மின்குறுக்கினால்தான். உப்பிய பேட்டரியை அழுத்திப் பார்ப்பதும், 'இன்னும் ஒரு மாதம் ஓட்டலாம்' என்று வைத்திருப்பதும் கூடாது. பழைய பேட்டரியை மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுப்பதே முறை. இந்தியாவில் 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் அதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பை உற்பத்தியாளர் மேல் வைக்கின்றன.

என் கைப்பேசியில் நான் செய்தது ஒன்றே ஒன்று: 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் வசதியை முதல் வாரத்திலேயே இயக்கிவைத்தேன். கடைசி இருபது சதவீதத்தில்தான் வோல்ட் உச்சத்துக்கு ஏறுகிறது என்பதால், அந்தப் பகுதியைத் தவிர்ப்பது ஆயுளை நீட்டும். இதற்கு விலையும் உண்டு. புதிதாக இருக்கும்போதே ஐந்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்துவிட்டுத்தான் ஐந்தில் ஒரு பங்கு குறையாமல் காக்கிறோம் என்று தம்பி கேலி செய்வான். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. மேசைவேலைக்காரனுக்கு 80 சதவீதம் மாலைவரை தாராளமாகப் போதும். ஊர் சுற்றுபவருக்குப் போதாது. வெளியூர்ப் பயணம் இருந்தால் நானும் முந்தின இரவு வசதியை அணைத்துவிட்டு 100 வரை ஏற்றிக்கொள்வேன். ஏற்றியவுடன் பயன்படுத்தத் தொடங்கிவிட்டால் நூறு சதவீதம் தீங்கில்லை. நூறிலேயே இரவெல்லாம், அதுவும் தலையணைக்கடியில், கிடப்பதுதான் கேடு. இரவு முழுதும் செருகிவைத்தால் வெடித்துவிடும் என்ற அச்சம் வேறு. நல்ல கைப்பேசிகளில் நிறைந்ததும் உள்ளிருக்கும் மின்சுற்று சார்ஜைத் துண்டித்துவிடும்.

வேக சார்ஜைப் பற்றிய பயமும் பாதிதான் உண்மை. மின்னோட்டத்தைவிட அதனால் எழும் சூடுதான் பேட்டரியை அரிக்கிறது. அதனால்தான் 80 வாட், 100 வாட் கைப்பேசிகளில் பேட்டரியை இரண்டு மின்கலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பாயும் மின்னோட்டத்தைப் பாதியாக்கி, வோல்ட் மாற்றும் வேலையின் பெரும்பகுதியைச் சார்ஜர் பக்கம் தள்ளுகிறார்கள். அவசரத்துக்கு வேக சார்ஜ், இரவில் பழைய 10 வாட் சார்ஜர் என்பது என் வழக்கம். உறையைக் கழற்றிவிட்டு ஏற்றினால் இன்னும் நல்லது.

நான்காம் ஆண்டில் வந்த ஒரு தொல்லையையும் சொல்ல வேண்டும். 18 சதவீதம் காட்டும்போதே, கேமராவைத் திறந்தவுடன் கைப்பேசி அணைந்துபோகத் தொடங்கியது. உள்மின்தடை கூடிவிட்ட பேட்டரியிடம் திடீரென்று அதிக மின்னோட்டம் கேட்டால் வோல்ட் சட்டென்று சரியும். கைப்பேசி தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துகொள்ளும். சதவீதம் என்பதே வோல்ட்டையும் உள்ளே போய்வந்த மின்னோட்டத்தையும் வைத்துப் போடும் மதிப்பீடுதானே தவிர, பெட்ரோல் டேங்கில் குச்சி விட்டுப் பார்த்த அளவு அல்ல. ஒருமுறை முழுக்க இறக்கி முழுக்க ஏற்றியபின் எண் ஓரளவு சரியாயிற்று, ஆனால் மூப்பு மூப்புதான். அலமாரியில் போட்டுவைக்கும் பழைய கைப்பேசிகளுக்கும் ஒரு வார்த்தை: பாதி சார்ஜில் அணைத்து வையுங்கள். சுழியத்தில் விட்டு மாதக்கணக்கில் மறந்தால் வோல்ட் அபாய எல்லைக்குக் கீழே இறங்கி, தாமிரத் தகடே கரையத் தொடங்கும். பிறகு சார்ஜ் ஏற மறுக்கும்.

நிறுவனங்கள் தரும் ஆயுள் கணக்கை இந்த அனுபவத்தோடு வைத்துப் பார்க்கலாம். ஐஃபோன் 14 வரையிலான மாடல்களுக்கு 500 முழுச் சுற்றுகளிலும், 15 வரிசைக்கு 1000 சுற்றுகளிலும் 80 சதவீதத் திறன் மிஞ்சும் என்கிறது ஆப்பிள். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் முதல் 800 சுற்றுகளைக் கட்டாயமாக்கியிருக்கிறது. இந்த எண்கள் எல்லாம் மிதமான வெப்பநிலையில் செய்த சோதனைகளின் கணக்கு. பைக் ஸ்டாண்டில் மாட்டிய கைப்பேசிக்கு அவற்றை அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது.

பவர் பேங்க் வாங்குவோருக்கும் ஒரு குறிப்பு: 10,000 எம்ஏஎச் என்று அச்சிட்டிருப்பது உள்ளிருக்கும் 3.7 வோல்ட் மின்கலத்தின் அளவு. 5 வோல்ட்டாக மாற்றி, இழப்பையும் கழித்தால், கைக்கு வருவது ஆறாயிரத்துச் சொச்சம். பெட்டியில் சிறிய எழுத்தில் அந்த எண்ணும் இருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள். விமானத்தில் 100 வாட் மணிக்கு உட்பட்டதைக் கைப்பையில் மட்டுமே கொண்டுபோகலாம்.

தம்பி இப்போது சிலிக்கான் கலந்த எதிர்முனை கொண்ட புதிய கைப்பேசிக்கு மாறிவிட்டான். சிலிக்கான் கிராஃபைட்டைவிடப் பல மடங்கு லித்தியத்தைப் பிடித்துவைக்கும் என்பதால் அதே தடிமனில் கூடுதல் திறன் கிடைக்கிறது. ஆனால் சார்ஜ் ஏறும்போது சிலிக்கான் மூன்று மடங்குக்கும் மேல் உப்பும் குணமுடையது என்பதால் கார்பனோடு கொஞ்சமாகக் கலந்தே பயன்படுத்துகிறார்கள். பெரிய பேட்டரி என்பதால் அவன் பைக்கில் போகும்போது சார்ஜில் போடுவதை நிறுத்திவிட்டான். ஸ்டாண்டின் மேல் சிறிய நிழல் தட்டு ஒன்றையும் மாட்டியிருக்கிறான். நான் என் பழைய கைப்பேசிக்கே, வரும் பங்குனிக்குள், நிறுவனத்தின் சொந்த சர்வீஸ் மையத்தில் பேட்டரியை மட்டும் மாற்றிக்கொள்ளப் போகிறேன்.